அரைப்பேர்ப் பட்டம்

இலங்கையின் உயர்கல்வியில் அளவுகோலுக்குப் பஞ்சம் என்று இனி எவரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு மாணவியின் தலைக்குள் எவ்வளவு படிப்பு ஏறியிருக்கிறது என்று நிறுத்துப் பார்க்க நம்மிடம் பன்னிரண்டு மட்டங்கள் கொண்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம் இருக்கிறது. 2012இல் பிறந்தது, 2015இல் திருத்தப்பட்டது. அதன் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். பெருக்கினால் 6,000 மணி. விரிவுரை மண்டபத்தில் இருந்தது, நூலகத்தில் குனிந்தது, இரவில் கண்விழித்தது எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றைக் கருத்தளவிலான மணிகள் என்கிறது ஆவணம். நல்லது. கருத்தளவிலான மணிகளுக்குக் கருத்தளவிலான மேசையும் கருத்தளவிலான மின்விளக்கும் போதும் அல்லவா? பத்தடிக்குப் பன்னிரண்டடித் தோட்டத்து லயக் காம்பராவில் ஆறு பேர் படுத்து, ஏழாவது ஆள் கதவோரம் கால் நீட்டிய பிறகு மிஞ்சும் இடத்தில் அவற்றைத் தாராளமாகப் பரப்பி வைக்கலாம்.

அதோடு விட்டார்களா? பட்டதாரியிடம் இருக்க வேண்டிய கற்றல் பேறுகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாட அறிவு, செய்முறை, தொடர்பாடல், குழுவேலையும் தலைமைத்துவமும், படைப்பாற்றல், தொழில்முனைவு, நெகிழ்வு என்று போகிற பட்டியலில் 'வாழ்க்கை பற்றிய தூரநோக்கு' என்றும் ஒன்று இருக்கிறது. தூரநோக்கையும் நிறுக்கப் போகிறார்கள்! இரக்வானைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வாய்த்திருக்கிறது. பாடசாலை தூரம், பஸ் வரும் சந்தி தூரம், ஆஸ்பத்திரி தூரம், கம்பஸ் அதைவிடத் தூரம். இருக்கிற இடத்திலிருந்து எதைப் பார்த்தாலும் தூரநோக்குத்தான். அதற்காவது முழுப்புள்ளி போடுவார்களா என்று கேட்டால், அதையும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னால்தான் போடுவார்களாம்.

தோட்டத்துச் சனத்துக்கு நிறுவை புதிதில்லை. இருநூறு வருடமாகத் தராசுக்கு முன்னால் நிற்கிற கூட்டம் அது. மலைக்குப் போனால் நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு கணக்கு உண்டு. 18, 20, அதற்கு மேலும் என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசு. சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம், முற்றல் இலைக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் தராசு பேசும். கேகாலைப் பக்கத்து றப்பர் மலைகளில் பால் வெட்டுகிறவருக்கும் இதே கதை. வாளியில் சுமந்து வந்த பாலுக்குள் ஒரு கருவியை மிதக்கவிட்டு, றப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கணக்கு எழுதுவார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் பேரும் இல்லை.

இந்தத் தராசைக் காலமெல்லாம் திட்டித் தீர்த்தவர்களும் ஒன்றை ஒத்துக்கொள்வார்கள். அதன் முள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். எத்தனை கிலோ, எதற்குக் கழிவு என்று அந்த இடத்திலேயே கேட்கலாம். கணக்கப்பிள்ளையோடு வாய் கொடுக்கலாம், தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிவந்து நிறுத்தலாம், மறுநாள் மலைக்கு இறங்காமல் இருக்கலாம். பல்கலைக்கழகத் தராசை வைத்து ஒரு லயத்து வாசலில் பேச்சு நடந்தால் அது இப்படித்தான் போகும்:

"ரிசல்ட்டு வந்திருச்சா புள்ள? எத்தன மார்க்கு?"

"மார்க்கு சொல்ல மாட்டாங்கம்மா. கிரேடுதான் போடுவாங்க. சி மைனஸ்."

"மைனஸுன்னா கழிவுதானே? எதுக்குக் கழிச்சாங்களாம்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"நீ எழுதுன பேப்பரயாவது குடுத்தாங்களா?"

"அது நம்ம கைக்கு வராதும்மா."

"அடி இவளே! கிலோவயும் சொல்லாம, கழிவயும் சொல்லாம, கொழுந்தயும் கண்ணுல காட்டாம அரப்பேரு மட்டும் போட்டு அனுப்புறானுங்களா? ஒங்க கணக்கப்புள்ள எங்க கணக்கப்புள்ளய விட பெரிய கெட்டிக்காரன்தான்!"

அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் உயர்கல்விக் கணிப்பீட்டின் ஓட்டையில் நேராக விரலை விட்டுவிட்டாள். எழுதியதில் எங்கே பிழை, ஏன் பிழை, எப்படிச் சரிசெய்வது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர்தான் கற்பித்தல். நம் பல்கலைக்கழகங்களில் இறுதிப் பரீட்சை விடைத்தாள் பெரும்பாலும் போனால் போனதுதான். மீளாய்வுக்குக் காசு கட்டினால் கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள். கூட்டலைச் சரிபார்க்கத் தோட்டத்து ஒபிசில் ஒரு கிளாக்கர் போதும். அதற்குப் பேராசிரியர் எதற்கு?

இது உள்ளே போனவளின் கதை. வாசலிலேயே ஒரு தராசு தொங்குகிறது, அதைப் பார்க்காமல் நகரக் கூடாது.

1971இல் மருத்துவபீடத்துக்குப் போகத் தமிழில் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது; சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதுமாக இருந்தது. அந்த அநியாயம் நாட்டையே எரித்த கதை ஊருக்குத் தெரியும். ஆனால் அநியாயத்தில் பங்கு கேட்கும் யோக்கியதைகூட அன்று நம் தோட்டங்களுக்கு இல்லை. தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு மூச்சு விட்டுவிடும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கி வைத்திருந்தது. நாடற்றவருக்கு எந்த நாட்டு வெட்டுப்புள்ளி?

பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்றைய கணக்கில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பதினாறில் ஒன்று. தோட்டத்துப் பிள்ளைக்கு விடிந்துவிட்டது என்று யாராவது கைதட்டினால் அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். சலுகை மாவட்டத்துக்கு. மாவட்டத்துக்குள் எல்லாரும் ஒரே சாக்கு. இரத்தினபுரி நகரத்துப் பெரிய பாடசாலையில் படித்து, சனி ஞாயிறில் கொழும்புக்கு டியூஷன் போகிற மாணிக்கக்கல் வியாபாரியின் மகனும், அந்தக் கல் கிடக்கிற மண்ணுக்கு மேலே கொழுந்து பறிக்கிறவளின் மகளும் அரசாங்கத்தின் கண்ணில் சமமாகப் பின்தங்கியவர்கள். கேகாலை அந்தப் பட்டியலிலேயே இல்லை. தெரணியகலையில் பிறந்தால் நீ முன்னேறியவள். மலையைத் தாண்டி இரத்தினபுரிப் பக்கம் பிறந்தால் பின்தங்கியவள். பிரசவ வலி கண்ட தாய் எந்தப் பக்கம் லொறி ஏறுவது என்று இனி வெட்டுப்புள்ளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பெரும்பாலும் கலைப்பிரிவு. கணிதம், விஞ்ஞானம் இருக்கிற தமிழ்ப் பாடசாலைகளைச் சபரகமுவ மாகாணம் முழுவதும் தேடினால் விரல்விட்டு எண்ணி முடித்துவிடலாம். அந்தக் கலைப்பிரிவுக்கோ மாவட்ட ஒதுக்கீடே கிடையாது. அகில இலங்கைத் திறமைதான். கொடுக்கிற சலுகை கிடைக்காத பாடத்துக்கு. கிடைக்கிற பாடத்துக்குச் சலுகை இல்லை. இதை ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது, குழு போட்டுத்தான் செய்திருப்பார்கள்.

இந்த வாசல் தராசில் இசட் புள்ளி என்று ஒரு மந்திரம் இருக்கிறது. சராசரியிலிருந்து நீ எவ்வளவு விலகி நிற்கிறாய் என்று தசமத்தில் சொல்லும். இரசாயனவியல் ஆசிரியரை நீ எத்தனை மாதம் கண்ணால் கண்டாய் என்று சொல்லாது. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் நம் பிள்ளைகளையே நியமித்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பிறகு கெஞ்சிக் கூத்தாடி 10,000. அவர்கள் அப்போது மலையில் கொழுந்து எடுத்திருந்தாலும் மாதத்தில் அதைவிடக் கூடத்தான் கிடைத்திருக்கும். கற்பிக்கிறவருக்கு அரைப்பேர்கூடப் போடாத அரசாங்கம், அவரிடம் படித்தவளைத் தசமத்தில் நான்கு இடத்துக்குத் துல்லியமாக அளக்கிறது.

அந்தத் துல்லியத்தின் இலட்சணமும் தெரிந்ததுதான். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கொட்டி இசட் புள்ளி கணித்தார்கள். 2012 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளி, மறுபடி கணிக்கச் சொன்னது. ஒரு தலைமுறையின் வருடம் ஒன்று நீதிமன்றப் படிக்கட்டில் கழிந்தது. பிள்ளை கணக்கில் பிழைவிட்டால் பெயில். கணித்தவர்கள் கணக்கில் பிழைவிட்டால் அது நிர்வாகச் சிக்கல்.

இவ்வளவையும் கடந்து ஒருத்தி உள்ளே போய்விடுகிறாள். கோயில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். தலைவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்த தேர்தலில் மலையகத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வரும் என்று சொல்லிவிட்டும் போகிறார். எத்தனையாவது தேர்தல் என்று அவரும் எண்ணுவதில்லை, நாமும் எண்ணுவதில்லை.

பலாங்கொடைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. பெலிஹுல்ஓயாவில், மாகாணத்தின் பெயரையே சூடிக்கொண்டு, தொண்ணூறுகளின் நடுவிலிருந்து நிற்கிறது. பாடம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழில் கலைப்பட்டம் வேண்டுமா? பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ பஸ் ஏறு. முகாமைத்துவமோ விஞ்ஞானமோ என்றால் எங்கே போனாலும் பெரும்பாலும் ஆங்கிலம். பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவளுக்கு முதலாம் வருடம் சில கிழமை ஆங்கிலப் பயிற்சி கொடுப்பார்கள். பிறகு பரீட்சை. கேள்வி விளங்காதவளுக்கும் விடை தெரியாதவளுக்கும் ஒரே புள்ளி விழுகிறது. அதைப் பொருளியல் என்ற தலைப்பின் கீழ்ப் பதிவுசெய்கிறார்கள். அவளிடம் அளந்தது அவளுடைய பொருளியலையா, நகரத்தில் ஆங்கில டியூஷனுக்கு அவளுடைய அப்பா கொடுக்க முடியாத காசையா? அளக்க வந்ததை அளக்காத கருவியைக் கடையில் வைத்திருந்தால் அளவைத் திணைக்களம் வந்து பறிமுதல் செய்யும். பீடத்தில் வைத்திருந்தால் அதற்குப் பெயர் தரம்.

உலகம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1956இல் பென்ஜமின் புளூம் என்ற அமெரிக்கர் அறிவின் படிகளை ஆறாக வகுத்தார். நினைவில் வைப்பது அடிப்படி, மதிப்பிடுவது மேற்படி. 1996இல் ஜோன் பிக்ஸ் என்பவர், சொன்ன நோக்கமும் கற்பித்த விதமும் கேட்ட கேள்வியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்று எழுதினார். இருவரையும் நம்மவர்கள் மாலை போட்டு அழைத்துவந்து கோப்புக்குள் குடிவைத்துவிட்டார்கள். பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் 'மாணவர் பகுப்பாய்வார், விமர்சிப்பார், படைப்பார்' என்று இருக்கும். பரீட்சைத் தாளில் 'ஐந்து பண்புகளைத் தருக' என்று இருக்கும். அந்த ஐந்தும் போன வருடத் தாளிலும் இருக்கும், அதற்கு முந்தைய வருடத் தாளிலும் இருக்கும். விரிவுரையாளர் பவர்பொயிண்டில் வாசித்ததை மாணவி மனப்பாடம் செய்து தாளில் இறக்கி வைப்பாள். ஆறாம் மாதம் இருவருமே மறந்துவிடுவார்கள். பரீட்சை இரவில் ஹொஸ்டலில் சீனியர் அக்கா ஒருத்தி சுற்றி உட்காரவைத்து நடத்துகிற குப்பி வகுப்பில்தான் பாடம் உண்மையில் விளங்குகிறது. குப்பிக்குக் கிரெடிட் இல்லை. சொல்லிக் கொடுத்த அக்காவுக்கு ஒரு சதமும் இல்லை. தர மீளாய்வு வருகிறபோது மட்டும் அது 'சகபாடிக் கற்றல்' என்ற பெயரில் சான்றாகக் கோப்பில் ஏறும்.

தொடர் கணிப்பீடு என்ற இன்னொரு அருட்கொடை இருக்கிறது. ஒரே பரீட்சையில் ஒருவரைத் தீர்ப்பது அநியாயம் என்று ஏற்பட்டது, நோக்கத்தில் குறையில்லை. நடக்கிறது என்ன? குழு ஒப்படை என்றால் லெப்டொப் உள்ளவன் தலைவன், ஆங்கிலம் உள்ளவள் பேச்சாளி, நம் பிள்ளை போட்டோகொப்பி எடுத்து வளையம் போட்டுக்கொண்டு வருகிறவள். முன்வைப்புக்கு அலுவலக உடையில் வர வேண்டும். கோட்டுக்கும் சப்பாத்துக்கும் புள்ளி உண்டு. சப்பாத்து வாங்க மகாபொல உதவிப்பணம் வரவேண்டும். மகாபொல வர மாதம் தவறும். தலைமைத்துவம் என்ற கட்டத்தில் அவளுக்கு இரண்டு புள்ளி. அப்பா பாயில் விழுந்த நாளிலிருந்து தம்பி தங்கைகளைப் பார்த்து, சங்கக் கடையில் கடன் சொல்லி, பதினாறு வயதில் ஒரு குடும்பத்தையே நடத்தியவளுக்குத் தலைமைத்துவம் வளரவில்லையாம்.

இனி வரவு. பரீட்சை எழுத 80 வீதம் வரவு வேண்டும். சபரகமுவ மழை இந்த விதியை வாசித்ததில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி ஊர்களை மூடியது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்து, உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே போனார்கள். சரிகிற சரிவிலே லயம் கட்டியவன் வெள்ளைக்காரன். வெள்ளைக்காரன் போய் எழுபது வருடம் கழிந்தும் அங்கேயே சனத்தை வைத்திருப்பவர்கள் நம்மவர்கள். அப்படியொரு மலையடியில் வீட்டை விட்டுவிட்டுப் படிக்கிறவள், இரவெல்லாம் மழை என்று கேள்விப்பட்டால் விரிவுரைக்குப் போவாளா, பஸ் பிடிப்பாளா? வராததற்கு மெடிக்கல் கொண்டுவா என்பார்கள். மலை சுகவீனமுற்றிருந்தது என்று எந்த டொக்டர் எழுதிக் கொடுப்பார்?

இத்தனைக்கும் மேலே தர மீளாய்வு. 2015இல் வந்த கைந்நூலில் எட்டு நியமங்கள் இருக்கின்றன. ஏழாவது, மாணவர் கணிப்பீடு. மீளாய்வாளர்கள் வருகிறார்கள் என்றால் கம்பஸ், துரை வருகிற தோட்டம் மாதிரி ஆகிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, கற்களுக்கு வெள்ளை, கோப்புகளுக்கு நிறநிறமாய் அடையாள ஒட்டி. ஓர் அறை நிறையச் சான்று. கற்றல் பேறு எழுதிய சான்று, அதை அங்கீகரித்த கூட்டத்தின் சான்று, கூட்டத்தில் தேநீர் கொடுத்த சான்று. மாணவர்களோடு சந்திப்பும் உண்டு. ஆங்கிலம் சரளமாக வருகிற நான்கு பேரை முன்வரிசையில் இருத்துவார்கள். ரிப்பீட் எழுதுகிறவள் அந்த அறைப் பக்கமே போகமாட்டாள். வந்தவர்கள் பார்த்துத் தரம் போட்டுவிட்டுப் போவார்கள். பேர் விழுந்தது, முழுப்பேர்.

இந்தத் தர மீளாய்வுக் கலாசாரத்தை வளர்க்க உலக வங்கியிடமிருந்து 2003இல் ஒரு திட்டம், 2010இல் ஒரு திட்டம், 2017இல் ஒரு திட்டம் வந்தன. முதல் இரண்டும் 40 மில்லியன் டொலர் அளவில். மூன்றாவது 100 மில்லியன். கட்டடம் எழுந்தது, கணினி வந்தது, பேராசிரியர்கள் வெளிநாடு போய் வந்தார்கள், சில நல்ல காரியங்களும் நடந்தன. வாங்கிய கடனை டொலரில் கட்ட வேண்டும். டொலர் வரத் தேயிலையும் றப்பரும் போக வேண்டும். அதாவது மாணவரின் கற்றலை அளப்பது எப்படி என்று நட்சத்திர ஹோட்டலில் நடந்த பட்டறையின் பகல் சாப்பாட்டுக்குக் காசு கட்டியவர்களில், அளவில் தோற்ற பிள்ளையின் அம்மாவும் ஒருத்தி. அவளுக்கு அழைப்பிதழ் வரவில்லை.

இப்போது கோபம் எங்கே திரள்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்த அரசாங்கத்துக்குத் தோட்டத்தைத் தனியாக எண்ணத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று பத்தி போட்டுத்தான் வீட்டு வருமானக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2019இல் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்தின் வறுமை 33.8 வீதம் என்று தசமம் பிசகாமல் அறிவித்தது. வறுமையை எண்ணும்போது தோட்டம் தனிப் பத்தி. பட்டத்தை எண்ணும்போது அந்தப் பத்தி மாயமாகி மாவட்டத்துக்குள் கரைந்துவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அட்டவணைகளில் மாவட்டம் உண்டு, பால் உண்டு, பீடம் உண்டு. லயத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், முதலாம் வருடத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாதியில் திரும்பினார்கள், எத்தனை பேர் கிளாஸ் எடுத்தார்கள் என்று கேட்கிற பத்தி இல்லை. எண்ணினால் வெட்கப்பட வேண்டிவரும் என்ற இடத்தில் மட்டும் நம்முடைய எண்கணிதம் ஓய்வெடுக்கிறது.

ஆகவே அளக்கிறவர்களுக்கு ஒரு பரீட்சை வைப்போம். பரீட்சார்த்திகள்: ஆணைக்குழு உறுப்பினர்கள், துணைவேந்தர்கள், பீடாதிபதிகள். நேரம்: மின்சாரம் இருக்கும் வரை. வினாத்தாள் தமிழில் மட்டும், மொழிபெயர்ப்புக் கிடையாது. விடைத்தாள் திருப்பித் தரப்படமாட்டாது.

1. உங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? 'எல்லாரையும் சமமாகவே பார்க்கிறோம்' என்று எழுதினால் பூச்சியம்.

2. ஆங்கிலத்தில் எழுதி முதலாம் வருடம் பெயிலான ஒருத்தியின் விடைத்தாளை எடுக்க. அவளுக்குப் பாடம் தெரியவில்லையா, கேள்வி விளங்கவில்லையா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? படிகளைக் காட்டுக.

3. ஆறு பேர் உறங்கும் காம்பராவில் ஒரு கிரெடிட்டுக்கு உரிய 50 மணி நேரத்தைப் பரப்பிக் காட்டுக. வரைபடம் அவசியம்.

4. 'வாழ்க்கை பற்றிய தூரநோக்கு' என்பதற்கு நீங்கள் இட்ட புள்ளியின் அடிப்படையை விளக்குக. மாணிக்கக்கல் முதலாளியின் மகனுக்கு எவ்வளவு, கொழுந்து பறிப்பவளின் மகளுக்கு எவ்வளவு? வித்தியாசத்தை நியாயப்படுத்துக.

5. குழுவேலை: கூடிப் பேசி, இந்த நிலைக்கு யார் பொறுப்பு என்று முடிவெடுக்க. ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டால் கூட்டாகப் பெயில்.

பெறுபேறு நமக்குத் தெரியும். இருந்தாலும் ரிப்பீட் எழுத வாய்ப்புத் தருவோம். நம்மிடம் அந்த அளவுக்கு மனிதாபிமானம் இருக்கிறது.

தரத்தைக் குறை என்று எவரும் கேட்கவில்லை. நம் பிள்ளைக்கு இரக்கப்புள்ளி போட்டு ஒரு பட்டத்தைச் சுருட்டிக் கொடுத்தால் அதுவும் அரைப்பேர்தான். நாளை வேலைக்குப் போகிற இடத்தில் அந்தக் குறையை அவள்தான் சுமப்பாள். கேட்பது வேறு. தோட்டம் என்ற பத்தியை அட்டவணையில் சேர்த்து, நுழைந்தவர், விழுந்தவர், விலகியவர், தேறியவர் கணக்கை ஒவ்வொரு வருடமும் வெளியிடுங்கள். திருத்திய விடைத்தாளை எழுதியவள் கையில் கொடுத்து, எங்கே பிழை என்று ஒரு வரி எழுதுங்கள். முதலாம் வருடக் கேள்வித்தாளில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழையும் அச்சடியுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். மீளாய்வுக்கு வருகிறவர்கள் முன்வரிசையை விட்டு ரிப்பீட் வரிசையில் போய் உட்காரட்டும். கலைப்பிரிவுக்குப் போகிற தோட்டத்துப் பிள்ளையை ஒதுக்கீட்டுக் கணக்குக்குள் கொண்டுவாருங்கள்.

இவற்றில் எதற்கும் உலக வங்கி வேண்டாம். ஓர் அட்டவணையில் ஒரு பத்தி கூட்ட எத்தனை மில்லியன் டொலர் செலவாகும்? செலவு காசில் இல்லை. அந்தப் பத்தி நிரம்பியதும் யார் பெயில் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், அதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. கட்டுங்கள். கட்டும்வரை தோட்டத்துப் பிள்ளையின் பெயருக்கு நேரே 'பலவீனமான மாணவர்' என்று எழுத உங்களில் ஒருவருக்கும் அருகதை கிடையாது.